ஒன்பது கெட்டவர்களும் ஒரு மாறனும்: ஸ்காட் மார்க்கெட் மரத்தலைப் பெட்டி

செதுக்கியவருக்கு நூற்றுக்கு நூறு, கார்டு எழுதியவருக்கு முட்டை. அவசரக்காரர்கள் இத்தோடு கிளம்பலாம். மற்றவர்கள் ஒரு டீயோடு உட்காருங்கள், கொஞ்சம் நீளமாகப் போகும்.

வாங்கியது ஒரு மரப்பெட்டி. உள்ளே எலுமிச்சம்பழ அளவில் ஒன்பது தலைகள், தலைக்கு ஒரு கார்டு. கார்டில் பர்மியத்திலும் இங்கிலீஷிலும் அந்த ஆளின் பெயர், எந்த மதத்துக் கெட்டவன், பெயருக்கு என்ன அர்த்தம், எந்த மொழியிலிருந்து வந்தது என்று நாலைந்து வரி. இடம் யாங்கூன் ஸ்காட் மார்க்கெட். 1926-ல் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது, சுதந்திரத்துக்கு அப்புறம் போஜோ ஆங் சான் மார்க்கெட் ஆகிவிட்டது, எங்கள் வீட்டில் மட்டும் இன்னும் ஸ்காட்தான். அங்கே பொம்மலாட்டப் பொம்மைகளைக் கயிற்றோடு வரிசையாகத் தொங்கவிட்டிருக்கும் கடைகளில் ஒன்று. கடைப் பெயரைப் போடவில்லை, குறை சொல்லப்போகிறேன், கடைக்கார அம்மாவோ நல்ல மனுஷி. 85,000 கியாட் சொன்னார், நான் 'அமா, அமா' என்று அக்காள் முறை கொண்டாடி 70,000-க்கு முடித்தேன்.

இதை ஏன் வாங்கினேன் என்றால், என் அக்கா மகன் பெயர் மாறன். பாண்டியர் பெயர், நம்மாழ்வாருக்கும் அந்தப் பெயர் உண்டு, அத்தான் பெருமையாகத் தேடிப்பிடித்து வைத்தார். அவர் யோசிக்காதது என்னவென்றால் பையன் படிக்கப்போவது பர்மியப் பள்ளிக்கூடத்தில். பர்மிய எழுத்தில் 'மாறன்' என்று எழுதினால் முதல் பாதி அப்படியே மார்நத்தின் முதல் பாதி. மார்நத் யார் என்று இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். போதி மரத்தடியில் உட்கார்ந்திருந்த புத்தரைக் கலைக்கப் படையோடு வந்தவன், பூமாதேவி கூந்தலைப் பிழிந்து விட்ட வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனவன், பகோடாவுக்குப் பகோடா சுவரில் வரைந்திருக்கும். வகுப்பில் ஒருவன் ஆரம்பித்தான், ஒரு வாரத்தில் எல்லோரும் 'மார்நத்' என்று கூப்பிட, பன்னிரண்டு வயசுப் பையன் சோற்றுத்தட்டின் முன்னால் அழுதுகொண்டு 'மாமா, என் பேரை மாத்திடுங்க' என்கிறான். இந்தப் பெட்டியைப் பார்த்ததும் சரி, கெட்டவன் பெயரெல்லாம் எங்கிருந்து வந்தது என்று இவனோடு உட்கார்ந்து படிக்கலாமே என்று தோன்றியது.

முதலில் மர வேலை. யமனே மரம், நம்மூரில் குமிழ மரம் என்பார்கள், பொம்மலாட்டப் பொம்மைக்கு இங்கே காலங்காலமாக இதுதான். கையில் கனமே தெரியாது, ஆனால் நகத்தால் அழுத்தினால் தடம் விழாது. தத்தகீரியின் (பர்மாவில் ராவணன் பெயர்) பல்வரிசை ஒவ்வொரு பல்லாகத் தனித்தனியே செதுக்கியது. மார்நத்தின் தாடைக்கு மட்டும் உள்ளே ஒரு நூல், தலைக்கு அடியில் இழுத்தால் 'டக்' என்று வாய் திறக்கும், உள்ளே சிவப்பு நாக்கு. பீலூவின், அதாவது பர்மியக் கதைகளில் வரும் அரக்கனின், ஒரு கோரைப்பல் ஒடிந்து வந்தது. மறுவாரம் காட்டினேன், அமா பேசாமல் வாங்கி உள்ளே கொடுத்து, நான் ஒரு டீ குடித்து வருவதற்குள் புதுப்பல் வைத்துத் தந்தார். காசு வாங்கவில்லை. சாயம் மட்டும் ஈரக்கையால் தொட்டால் லேசாகச் சிவப்பு ஒட்டுகிறது, மழைக்காலத்தில் பெட்டியை அலமாரிக்குள் வையுங்கள்.

இனி கார்டு.

மார்நத் கார்டு பரவாயில்லை. 'சாகடிப்பவன்' என்று போட்டிருக்கிறது, சரிதான். மரணம் என்ற சொல்லுக்கு எது வேரோ அதுதான் மாரனுக்கும். பின்னால் உள்ள 'நத்' பர்மிய ஆவிகளுக்கான பொதுப் பெயர், அது நம் 'நாதன்' தான் என்று சொல்வோரும் உண்டு. எனக்கு வருத்தம் அவர்கள் எழுதாமல் விட்டதில். தமிழில் மாரன் என்றால் யார்? மன்மதன்! மாரன் கணை தைத்தது என்று கவிஞர்கள் உருகுவார்களே, அந்த மாரன். இரண்டும் ஒரே ஆள்தான். அசுவகோஷர் புத்தசரிதத்தில், உலகம் காமதேவன் என்று அழைக்கிறவனைத்தான் மோட்சத்தின் பகைவனான மாரன் என்கிறார்கள் என்று பளிச்சென்று சொல்லிவிடுகிறார். மணிமேகலையில் புத்தரை 'மாரனை வெல்லும் வீர' என்று துதிப்பதும் இதை வைத்துத்தான். அதாவது பர்மாக்காரருக்குக் கோரைப்பல் வைத்த அரக்கன், நமக்குக் கரும்பு வில் பிடித்த அழகன். நான் இதைச் சொன்னபோது மாறன் முதல் முறையாகச் சிரித்தான். அப்புறம்தான் முக்கியமான பாடம்: அவன் பெயரில் இருப்பது வல்லின ற, மன்மதன் பெயரில் இருப்பது இடையின ர. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

மார்நத்துக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு, அதையும் கார்டு சொல்லவில்லை. ஜட்சன் பாதிரியார் 1813-ல் ரங்கூனில் வந்து இறங்கி பைபிளைப் பர்மியத்தில் பெயர்த்தபோது, கிரேக்கத்தில் 'தியாபொலோஸ்' என்று வரும் இடத்தில் மார்நத் என்று போட்டுவிட்டார். சாத்தானை மட்டும் 'சாத்தன்' என்பது போல ஒலிபெயர்த்தார். புத்தரோடு மோதித் தோற்றவனுக்கு இன்னொரு மதத்தில் அதே வேலை கிடைத்தது. தமிழில் அந்த வேலை முதலில் பிசாசுக்குப் போனது. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் 'அலகை' என்று மாற்றினார்கள், எங்கள் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கப் பாட்டிக்கு அது இன்னும் பிடிக்கவில்லை, 'அலகையாம் அலகை, பிசாசுன்னு சொன்னாத்தானய்யா பயம் வருது' என்கிறார். பாட்டிக்குத் தெரியாது, வள்ளுவரே 850-ஆம் குறளில் உலகம் உண்டு என்பதை இல்லை என்பவனை 'அலகையா வைக்கப் படும்' என்று திட்டியிருக்கிறார். புதுச்சொல் இல்லை, தூசி தட்டிய சொல்.

சாத்தான் கார்டைப் படித்ததும் எனக்கு ஏறியது பாருங்கள் கோபம். 'சனி கிரகத்தின் பெயரிலிருந்து வந்தது' என்று அச்சடித்திருக்கிறார்கள். இங்கிலீஷில் சாட்டர்ன், சாட்டன், காதுக்கு ஒன்றுபோல இருக்கிறது, அவ்வளவுதான் சாட்சி. சாட்டர்ன் லத்தீன் தெய்வம். நம் சனி 'சனைஸ்சரன்', மெதுவாக நடப்பவன், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 29½ வருஷம் எடுத்துக்கொள்பவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது. சாத்தான் எபிரேயச் சொல். அர்த்தம் எதிராளி, குற்றம் சாட்டுகிறவன். அது முதலில் பெயரே இல்லை, ஒரு பொறுப்பு. யோபு புத்தகத்தில் எபிரேயத்தில் வருவது 'அந்த சாத்தான்' என்ற மாதிரி, இங்கிலீஷ்காரன் 'தி' போடுவானே அதுபோல முன்னால் ஒரு 'ஹ' சேர்த்து. கோர்ட்டில் அரசு வக்கீல் எழுந்து நிற்பது போலக் கடவுளின் சபையில் எழுந்து நின்று, யோபு சும்மாவா பக்தியாக இருக்கிறான் என்று கேட்கிறவன். எண்ணாகமம் 22-ஆம் அதிகாரத்தில் பிலேயாமின் கழுதையை மறித்து நிற்பது கடவுள் அனுப்பிய தூதன், அவனுக்கும் எபிரேயத்தில் அதே சாத்தான் என்ற சொல்தான்! தமிழ் பைபிளில் 'எதிராளி' என்று இருப்பதால் நமக்குத் தெரியாமல் போய்விட்டது. கூடவே, சீத்தலைச் சாத்தனார் பெயரை வைத்து யாராவது கேலி செய்தால் அடியுங்கள். அந்தச் சாத்தன் ஐயனார் பெயர், வடமொழிச் சாஸ்தாவோடு சேர்த்துச் சொல்வார்கள், எபிரேயத்துக்கும் அதற்கும் கடல் தூரம்.

எபிரேயத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் சாத்தானுக்குப் போட்ட சொல்தான் தியாபொலோஸ். குறுக்கே எறிபவன் என்று சொல்லுக்குச் சொல் அர்த்தம், புழக்கத்தில் அவதூறு சொல்பவன். தமிழில் இதற்குக் கனகச்சிதமாக ஒரு சொல் இருக்கிறது: கோள்மூட்டி. இங்கிலீஷ் டெவில் இதிலிருந்து தேய்ந்து வந்தது. அதே சாத்தான் கார்டோ, ஈவில் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு எழுத்தைச் சேர்த்தார்கள், டெவில் ஆனது என்கிறது. ஐயா, அது குழந்தைகள் விளையாட்டு.

இதே கதையின் நம்மூர்ப் பதிப்பு ஒன்று உறவினர் வட்டத்தில் சுற்றுகிறது. வெள்ளைக்காரன் நம் 'தேவ்' என்பதைத்தான் டெவில் ஆக்கினான் என்று. அதுவும் பொய். ஆனால் உண்மையிலேயே தேவன் கெட்டவனான ஒரு ஊர் இருக்கிறது, அது ஈரான். பெட்டியில் அசுரன் கார்டும், ஈரானியரின் பழைய மதத்துக் கெட்டவன் அஹ்ரிமான் கார்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன, எழுதியவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்திருந்தால் பெட்டியின் மிகச் சுவையான கதை கிடைத்திருக்கும். அசுரன் கார்டில் 'அ-சுரன், தேவன் அல்லாதவன்' என்று இருக்கிறது. நாமும் பள்ளியில் அப்படித்தான் படித்தோம். ரிக் வேதத்தின் பழைய பாடல்களில் வருணனையே அசுரன் என்று புகழ்கிறார்கள், அப்போது அதற்குத் தலைவன், வலிமை உடையவன் என்று பொருள். அதே சொல் ஈரானியர் வாயில் 'ச' போய் 'ஹ' வந்து (சிந்து ஹிந்து ஆன அதே கதை) அஹுர என்று ஆகி, அந்தப் பழைய மதத்தின் ஞானி ஜரதுஷ்டிரரின் கடவுளுக்கு அஹுர மஸ்தா என்று பெயர். அங்கே தைவர்கள், அதாவது நம் தேவர்கள்தான் கெட்டவர்கள், பாரசீகத்தில் 'தீவ்' என்றால் பூதம். நம் பக்கம் அசுரன் இறங்கி தேவன் ஏற, அவர்கள் பக்கம் தேவன் இறங்கி அசுரன் ஏறினான். பின்னாளில் இந்தப் பக்கத்தார் அசுரனில் இருக்கும் 'அ' இல்லை என்ற பொருள் தருவது என்று நினைத்து அதை வெட்டி எடுத்துவிட்டு, 'சுரன்' என்று ஒரு புதுச்சொல்லே செய்துவிட்டார்கள். ராமாயணத்தின் பால காண்டத்தில் வேறு விளக்கம்: சுரை என்ற கள்தெய்வத்தை ஏற்றுக்கொண்டவர்கள் சுரர், மறுத்தவர்கள் அசுரர். அப்படிப் பார்த்தால் எங்கள் தாத்தா சுத்த அசுரன், சொட்டு தொட்டதில்லை.

அஹ்ரிமான் என்பது 'அங்ர மைன்யு' தேய்ந்தது, கெடுக்கும் ஆவி. கார்டு சரி.

லூசிபர் கார்டில் 'எபிரேயத்தில் பிசாசுகளின் அரசன்' என்று கூசாமல் எழுதியிருக்கிறார்கள். எபிரேயமும் இல்லை, பிசாசும் இல்லை. லத்தீன். ஒளியைச் சுமந்து வருபவன், அதாவது நம் விடிவெள்ளி. எங்கள் தாத்தா டெல்டாவில் நாற்று நட்ட காலத்தில் கடிகாரம் கிடையாது, கிழக்கே விடிவெள்ளி முளைத்ததும் எழுந்து வயலுக்குப் போவார் என்று அம்மா சொல்வார். வானத்தில் அவ்வளவு நல்ல பிள்ளை. ஏசாயா 14-ஆம் அதிகாரத்தில் பாபிலோன் ராஜாவைக் கேலி செய்யும்போது, இவ்வளவு உயரத்தில் மின்னிய விடிவெள்ளியே இப்படி விழுந்துவிட்டாயே என்று ஒரு வரி வருகிறது. எபிரேயத்தில் 'ஹேலெல்', பிரகாசிப்பவன். ஜெரோம் அதை லத்தீனில் லூசிபர் என்று பெயர்த்தார், அது அன்று சாதாரண நட்சத்திரப் பெயர். விழுந்த நட்சத்திரம் என்பதை விழுந்த தேவதூதனாகப் படிக்கிற வழக்கம் வலுத்து, 1611-ல் வந்த இங்கிலீஷ் பைபிளிலும் லூசிபர் என்று பெயராகவே நின்றுவிட, நட்சத்திரம் போய் ஆள் வந்துவிட்டான். தமிழ் பைபிளைத் திறந்து பாருங்கள், அங்கே விடிவெள்ளி என்றுதான் இருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் இயேசு தன்னைச் சொல்லிக்கொள்வதும் விடிவெள்ளி நட்சத்திரம் என்றுதான். நாலாம் நூற்றாண்டில் சார்டினியா தீவில் லூசிபர் என்ற பெயரிலேயே ஒரு பிஷப் இருந்திருக்கிறார். அவரை வகுப்பில் யாரும் கேலி செய்திருக்க மாட்டார்கள். இதைக் கேட்டதும் மாறன் 'அப்ப அவர் பேரைக் கெடுத்தது பின்னால வந்தவங்களா மாமா' என்றான். ஆமாடா.

பைபிளில் பிசாசுகளின் தலைவனாக வரும் பெயெல்செபூல் மாறனுக்கு இன்னும் நெருக்கம். பாகால் என்றால் எஜமான், பக்கத்து நாட்டுக்காரர் கும்பிட்ட தெய்வம். எக்ரோன் ஊர்த் தெய்வத்தை இஸ்ரவேலர் 'பாகால்செபூப்' என்று எழுதி வைத்தார்கள், ஈக்களின் எஜமான். உண்மைப் பெயர் 'செபூல்', மேன்மைக்குரியவன் என்ற மாதிரி இருந்திருக்கும், ஓரெழுத்தை வேண்டுமென்றே திரித்து ஈ ஆக்கிவிட்டார்கள் என்பது ஆய்வாளர் பலருடைய கருத்து. மாறனின் வகுப்புப் பசங்கள் செய்தது இதே வேலை. கார்டில் ஈ மட்டும் இருக்கிறது, தலையிலும் மூக்கு நுனியில் ஒரு குட்டி ஈயைச் செதுக்கியிருக்கிறார்கள். அது மட்டும் கொள்ளை அழகு, ஒப்புக்கொள்கிறேன்.

தத்தகீரி நம் ராவணன். பாலி மொழியின் 'ச' பர்மிய வாயில் நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்லும் 'த' ஆகிவிடும், தசக்ரீவன், பத்துக் கழுத்துக்காரன், தத்தகீரி ஆனான். கார்டு 'பத்து மலை' என்கிறது, கிரி என்று கேட்டதும் மலை ஏறிவிட்டார். ரங்கூன் யாங்கூன் ஆனது போல இங்கே ராமன் 'யாமன்'. சின்ன வயதில் யாமன் நாடகம் என்று கேட்டு எமன் கதையாக்கும் என்று பயந்து, பார்க்கப் போகாமல் இருந்தவன் நான்.

தேவதத்துக்கு 'துரோகி' என்று அர்த்தம் போட்டிருப்பதைப் பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது. தேவதத்தன், கடவுள் கொடுத்த பிள்ளை. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர், புத்தர் மேல் பாறையை உருட்டிவிட்டது அவன் செய்த காரியம். காரியத்தைப் பெயருக்கு அர்த்தமாக எழுதினால் எப்படி. பீலூ கார்டில் பெயரைத் தவிர ஒன்றுமே இல்லை. தெரியாததை எழுதவில்லை, அந்த ஒரு கார்டுக்கு மட்டும் முட்டையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பெட்டியில் இஸ்லாத்தின் சாத்தானான இப்லீஸ் இல்லை. கேட்டேன், முஸ்லிம் வாடிக்கையாளர் வருத்தப்படக்கூடும் என்று செய்யவில்லை என்றார் அமா. சரிதான். நம்மவர்கள் யாரும் இல்லாததுதான் எனக்குக் குறை. தவ்வை என்ற மூத்த தேவியை வைத்திருக்கலாம். திருவள்ளுவர் காலத்திலேயே அவள் லட்சுமியின் அக்காள், பழைய சிவன் கோயில்களில் அவளுக்குச் சிலை உண்டு, இன்று மூதேவி என்றால் திட்டு. பேயை வைத்திருக்கலாம். தொல்காப்பியத்தில் 'பேம்' என்றால் அச்சம், அந்தக் குடும்பத்துச் சொல்தான் பேய். ஆனால் நாம் பேயைக் கெட்டதாக மட்டுமா வைத்தோம், காரைக்காலம்மையார் தன்னையே பேய் என்று சொல்லிக்கொண்டார், ஆழ்வாரில் ஒருவரே பேயாழ்வார். இதை அமாவுக்குப் பர்மியத்தில் விளக்கப்போய், 'உங்கள் சாமியார்கள் நத் பிடித்தவர்களா' என்று கேட்டுவிட்டார். ஏறக்குறைய அப்படித்தான் அமா என்று வந்துவிட்டேன்.

திருத்தம் எல்லாவற்றையும் ஒரு தாளில் பர்மியத்தில் எழுதிக் கொடுத்தேன். அமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார், கார்டு எழுதியது தங்கச்சி வீட்டுக்காரர் என்றார், சனி கதையை டூரிஸ்ட்கள் விரும்பிக் கேட்கிறார்கள் என்றும் சொன்னார். அடுத்த அச்சில் மாற்றுவதாக வாக்கு. மாற்றுவார்களா தெரியாது, மீதிக் கார்டு ஒரு கட்டு கல்லாவுக்குக் கீழே கிடப்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். ஆகவே வாங்குகிறவர்கள் தலைகளுக்காக வாங்குங்கள்.

மாறன் எங்களுக்குத் தெரியாமல் மார்நத் தலையைப் பள்ளிப் பையில் போட்டு எடுத்துப் போயிருக்கிறான். எல்லோரும் வாயைத் திறந்து மூடிப் பார்த்ததில் தாடை நூல் அறுந்துவிட்டது. கூடவே அவன் கைப்பட எழுதிய கார்டு, ஒரு பக்கம் ர, ஒரு பக்கம் ற. பர்மியப் பசங்களுக்கு அந்த ற வாயில் நுழையவே இல்லையாம், சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமை நூல் மாற்றக் கொண்டுபோக வேண்டும். போகிறவர்கள் கவனிக்க, திங்கட்கிழமை மார்க்கெட் மூடியிருக்கும்.